செம்பருத்தியில் எந்த இதழ் மேலே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரும் சிறுவர் பக்கத்தை என் பேத்தி ஒரு வாரமும் விடமாட்டாள். அவள் பார்த்து முடித்த பிறகுதான் அது என் கைக்கு வரும். போன வாரம் அதில் நான்கே படிகளில் பூ வரைய ஒரு வழி சொல்லியிருந்தீர்கள். முதலில் ஒரு வட்டம், அதைச் சுற்றி ஐந்து வளைவு, கீழே ஒரு கோடு, கோட்டுக்கு இரு பக்கமும் ஒவ்வோர் இலை. அவ்வளவுதான், பூ முடிந்தது. பேத்தி இரண்டு நிமிடத்தில் வரைந்து, சிவப்பு அடித்து, என் முன்னால் நீட்டினாள்.

“என்ன பூ இது?” என்றேன்.

“பூ, பாட்டி.”

“பூ சரி. என்ன பூ?”

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டாள். பூ என்றால் பூதானே, இதில் என்ன கேள்வி என்கிற பார்வை அது. அவளிடம் சொல்ல முடியாமல் போனதை உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் துணிகளில் அச்சாகும் வடிவங்களை வரைந்து பிழைத்தவள். 31 ஆண்டுகள் ஒரே ஆலையின் டிசைன் பிரிவில் இருந்தேன். திரைச்சீலை, படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, இப்படி எதை எடுத்தாலும் கேட்பது பூதான். எத்தனை பூ வரைந்திருப்பேன் என்று கணக்கு வைத்ததில்லை. ஆயிரக்கணக்கில் இருக்கும். அதனால் பூவைப் பற்றிக் குறை சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம். எங்கள் பிரிவின் தலைமை வடிவமைப்பாளர் வயதானவர், அதிகம் பேசாதவர். ஒரு செம்பருத்தியை என் மேசையில் வைத்து, “வரைம்மா” என்றார். பூ வரைவதில் எனக்கு அப்போது நல்ல கர்வம். பத்து நிமிடத்தில் வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். தாளைப் பார்த்தார். “எத்தனை இதழ்?” என்றார். “அஞ்சு சார்.” “அதில் எந்த இதழ் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கு?” நான் என் படத்தைப் பார்த்து, மேல் பக்கம் இருந்த ஒன்றைக் காட்டினேன். “படத்தில் இல்லை. பூவில்.”

திரும்பி வந்து பூவைப் பார்த்தேன். அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதில் மேலே இருக்கும் இதழ் என்று ஒன்று கிடையாது. ஒவ்வோர் இதழும் ஒரு பக்கத்து இதழின் மேல் ஏறியிருக்கிறது, இன்னொரு பக்கத்து இதழின் கீழ் புகுந்திருக்கிறது. ஐந்தும் அப்படியே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுற்றி வருகின்றன. தாவரவியல் பாடத்தில் இதைத் திருகு இதழமைவு என்பார்கள். பள்ளியில் பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்திருக்கிறேன், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் கையில் பூவை வைத்துப் பார்த்ததில்லை. நான் வரைந்த செம்பருத்தியில் ஓர் இதழ் ராஜா மாதிரி எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருந்தது. அதனால்தான் படம் தட்டையாக இருந்தது. பூ சுழல்கிறது, என் படம் சுழலவில்லை.

அப்புறம் ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது. செம்பருத்தி எங்கே கண்ணில் பட்டாலும் அது இடப்பக்கம் திருகியிருக்கிறதா, வலப்பக்கமா என்று பார்ப்பேன். ஒரே செடியில் இரண்டு வகையும் இருக்கும். நித்தியகல்யாணியில் அப்படி இல்லை. நான் பார்த்தவரை எல்லாம் ஒரே பக்கம்தான். அந்தப் பூவின் இதழே ஒருக்களித்தது, நடுவில் மடித்தால் இரண்டு பாதியும் பொருந்தாது. அதனால்தான் காற்றாடி மாதிரி தெரிகிறது. இதைத் தெரிந்துகொண்டு நித்தியகல்யாணியைச் சின்னதாக, ஒரு விரல்நக அளவில், துணி முழுக்க இறைத்து வரைந்தால் துணியே லேசாக நகர்வது போல ஒரு மயக்கம் வரும். சரிபாதியாக மடியும் இதழை வைத்து வரைந்தால் வெறும் புள்ளிதான் கிடைக்கும்.

ஐந்து வளைவை ஒரு வட்டத்தைச் சுற்றி ஒட்டிவிட்டால் இது எதுவும் உள்ளே வராது. என் குறை அதுதான்.

உங்கள் பக்கத்தைத் தயாரிப்பவர் “குழந்தைகளுக்கு எளிதாகத்தானே இருக்க வேண்டும்” என்பார். அது நியாயம். நானும் பழைய டிசைன்களை டிரேஸ் எடுத்து எடுத்துத்தான் கை பழகினேன். பார்த்து வரைவதிலும் அச்செடுப்பதிலும் பாவம் ஒன்றும் இல்லை. இயற்கையை அப்படியே நகல் எடுக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. நீலச் செம்பருத்தி வரைந்து விற்றவள் நான். கேட்டவருக்கு நீலம் வேண்டுமாயிருந்தது, கொடுத்தேன். ஆனால் எதைச் சுருக்குகிறோம் என்று தெரிந்து சுருக்குவது வேறு, யாரோ சுருக்கியதை மறுபடி சுருக்குவது வேறு. இரண்டாவதில் ஒவ்வொரு கை மாறும்போதும் பூவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பூ போய்விடும். கடைசியில் மிஞ்சுவது அந்த ஐந்து வளைவு.

என் தொழிலில் நடந்த ஒரு அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன், இதோடு தொடர்புடையதுதான். துணி அச்சில் ஒரு கட்டத்தை வரைவோம், அது திரும்பத் திரும்ப வரும். ரிப்பீட் என்போம். ரோட்டரி எந்திரத்தில், சுழன்றபடியே துணியில் நிறத்தைப் பதிக்கும் உருளைத் திரையின் சுற்றளவு வழக்கமாக 64 சென்டிமீட்டர். ஆகவே படம் 64, 32, 16 என்று அதற்குள் அடங்க வேண்டும். ஒரு திரைச்சீலைக்காகப் பூங்கொத்துகளை அழகாகப் பரப்பி வரைந்தேன். தாளில் பார்க்க நன்றாக இருந்தது. அடுத்தடுத்த கட்டத்தைப் பாதி உயரம் இறக்கி அடுக்கியும் பார்த்தேன், மேசை அளவில் ஒரு குறையும் தெரியவில்லை. துணி அச்சாகி, ஆறடி உயரத்தில் தொங்கவிட்டதும் தெரிந்தது. பெரிய பூக்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து, மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு ஒரு சாய்ந்த கோடாக ஓடின. பூவே தெரியவில்லை, கோடுதான் தெரிந்தது. யாரோ துணியைக் குறுக்கே அடித்துவிட்டது போல. அத்தனை மீட்டரும் வீண். என் தவறுதான், வேறு யாரையும் சொல்ல முடியாது.

பெரியவர் திட்டவில்லை. “விடியற்காலையில் பவழமல்லி மரத்தடிக்குப் போய்ப் பார்” என்றார். போனேன். இரவில் பூத்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும் பூ அது. தரை முழுக்கக் கிடந்தது. எங்கே பார்த்தாலும் பூ, ஆனால் ஒரு வரிசைகூட இல்லை. ஓரிடத்தில் நாலைந்து ஒன்றன்மேல் ஒன்று, அடுத்து ஒரு கையகலம் வெறும் மண், அப்புறம் தனியாக ஒன்று. கவிழ்ந்து விழுந்தவற்றில் ஆரஞ்சு நிறக் காம்பு மேலே நிற்கிறது, மல்லாந்து விழுந்தவற்றில் வெள்ளை தெரிகிறது. இதழும் எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கை இல்லை. ஐந்து இருக்கிறது, ஆறு இருக்கிறது, எட்டுகூட இருக்கிறது. நான் அடுக்கிய பூங்கொத்துகளோ எல்லாம் ஒரே அளவு, எல்லாம் முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே இடைவெளி. அதனால்தான் வரிசை கட்டிக்கொண்டன.

ஒரு தாளைத் தரையில் விரித்துவைத்து, அதில் விழுந்தது விழுந்தபடி புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு என் டிசைன்களின் எலும்புக்கூடு அந்தப் புள்ளிகள்தான். மேலே ரோஜா இருந்தாலும் தாமரை இருந்தாலும் அடியில் பவழமல்லி. வாங்கியவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

இப்படி, பூவிடமிருந்து பூவின் உருவத்தைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. ஜோசப் பாக்ஸ்டன் என்ற தோட்டக்காரர் இங்கிலாந்தில் ஒரு ராட்சத அல்லியை வளர்த்தார். 1849இல் அது பூத்தபோது எல்லோரும் பூவைப் பார்த்தார்கள். அவர் இலையைப் புரட்டிப் பார்த்தார். அடிப்பக்கம் நடுவிலிருந்து விரிந்து ஓடும் தடித்த நரம்புகள், அவற்றைக் குறுக்கே இணைக்கும் மெல்லிய நரம்புகள். தன் சின்ன மகளை அந்த இலைமேல் நிற்க வைத்தார், தாங்கியது. 1851இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சிக்கு இரும்பும் கண்ணாடியுமாக ஏறக்குறைய 560 மீட்டர் நீளத்துக்கு ஒரு மாளிகையை அவர் வடிவமைத்தபோது, அந்த இலையின் நரம்பமைப்பு மனதில் இருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பேத்தியிடம் இதைச் சொன்னதற்கு அவள் கேட்டது ஒன்றுதான்: “அந்தப் பொண்ணு விழலையா?”

ஜெர்மனியில் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் என்று ஒருவர் இருந்தார். இளமையில் இரும்பு வார்ப்புப் பட்டறையில் தொழில் பழகியவர், பிறகு பெர்லினில் கலைத்தொழில் மாணவர்களுக்கு ஆசிரியர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செடிகளைப் படம் எடுத்தார். தோட்டத்து ரோஜாவை அல்ல, பெரும்பாலும் வழியோரத்துக் களைகளை. சுருண்ட பெரணித் தளிர், வெடித்த விதைப்பை, இன்னும் விரியாத மொட்டு, எல்லாவற்றையும் வெறும் பின்னணியில் வைத்துப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டினார். சில படங்கள் முப்பது மடங்கு வரை. பார்த்தால் இரும்புக் கதவின் வளைவுகள் போலவும் கோபுரம் போலவும் இருக்கும். வகுப்பில் மாணவர்கள் பார்த்து வரையத்தான் அவற்றை எடுத்தார், கண்காட்சிக்காக அல்ல. 1928இல் அவை நூலாக வந்தபோது அவருக்கு வயது 63. பெயர் பரவியது அதற்குப் பிறகுதான். களையிலிருந்து இவ்வளவு எடுக்க முடியும் என்றால், நாம் ஏன் எப்போதும் நன்றாக விரிந்த பூவையே தேடுகிறோம்?

இதில் தமிழ் தெரிந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் வெட்கம் வர வேண்டும். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் ஒவ்வொரு பருவத்துக்கும் தனிச் சொல் வைத்திருக்கிறோம். உதிரும் பூவுக்கு வீ. வாடிய பூவுக்குச் செம்மல், என்ன மரியாதையான பெயர் பாருங்கள். ஏழு சொல்லை வைத்துக்கொண்டு ஒரே ஒரு பருவத்தை மட்டும் வரைந்துகொண்டிருக்கிறோம். நான் செம்மலை வரைந்து ஒரு முறை காட்டினேன். வாடிய செம்பருத்தி தெரியுமல்லவா, இதழ்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நனைத்துப் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொள்ளும். மிக அழகான வடிவம். “வாடின பூவை யாரும்மா வீட்டில் தொங்கவிடுவார்கள்?” என்று விற்பனைப் பிரிவில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதையே வேறு நிறத்தில், மொட்டு என்று சொல்லிக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டார்கள். மொட்டும் வாடிய பூவும் திருகும் விதத்தில் அவ்வளவு நெருக்கம், அதனால் பெரிய பொய்யும் இல்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனித் திரை வேண்டும். ஆறு நிறம் என்றால் ஆறு திரை. நிறம் கூடினால் செலவு கூடும். அதனால் ஒரு பூவைப் பார்த்து அதில் எந்த ஆறு முக்கியம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, சிவப்புப் பூவின் நிழலுக்குச் சிவப்பில் கறுப்பைக் கலப்பது. பூ உடனே செத்துப்போகும். உண்மையான செம்பருத்தியின் மடிப்புக்குள் பாருங்கள், கருஞ்சிவப்பு, சில இடத்தில் ஊதா. வெளிச்சம் ஊடுருவும் ஓரத்தில் கிட்டத்தட்ட ஆரஞ்சு. இதழின் முதுகு வெளிறியிருக்கும். செங்காந்தளை எடுத்துக்கொண்டால் அது தன் வண்ண அட்டையைத் தானே கொண்டுவருகிறது. பச்சை கலந்த மஞ்சளாக விரிந்து, நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, கடைசியில் முழுச் சிவப்பாகும். ஒரே கொடியில் எல்லாப் பருவமும் ஒரே நேரத்தில் இருக்கும். அந்த வரிசையை அப்படியே எடுத்துவைத்தால் நிறம் ஒன்றோடொன்று சண்டை போடாது. (செங்காந்தள் நஞ்சுள்ள செடி. குழந்தைகளிடம் தொடாமல் பார்க்கச் சொல்லுங்கள். இதையும் அச்சிட்டுவிடுங்கள்.)

எனக்குக் கண்புரை அறுவை நடந்த பிறகு ஒரு நாள் பவழமல்லியைப் பார்த்தேன். பல ஆண்டுகளாக நான் வெள்ளை என்று நினைத்தது பழுப்பேறிய வெள்ளையாம். உண்மை வெள்ளையில் ஒரு நீலம் இருந்தது. ஓவியர் மோனேவுக்கும் கண்புரை இருந்தது. 1912இல் கண்டுபிடித்தார்கள், 1923இல்தான் அறுவைக்கு ஒப்புக்கொண்டார். அதற்கு நடுவில் தன் தோட்டத்து அல்லிக் குளத்தை அவர் வரைந்ததில் செம்மையும் பழுப்பும் ஏறிக்கொண்டே போனதைப் பார்க்கலாம். கண் மங்கினாலும் அவர் குளத்தை விட்டு எழவில்லை. என் கடைசி ஐந்து ஆண்டு டிசைன்களில் வெள்ளை எப்படி இருந்தது என்று இப்போது எடுத்துப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

இப்போது கணினியில் “பூ” என்று தட்டினால் பூவாகக் கொட்டுகிறது. வேண்டிய நிறம், வேண்டிய அளவு. நானும் பேத்தியின் கருவியில் தட்டிப் பார்த்தேன். செம்பருத்தி கேட்டேன், பளபளப்பாக வந்தது. ஓர் இதழ் ராஜா மாதிரி மேலே உட்கார்ந்திருந்தது. பழைய சிநேகிதியைப் பார்த்தது போல இருந்தது எனக்கு, நான் 21 வயதில் செய்த அதே தவறு.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன். சிறுவர் பக்கத்தில் நான்கு படி கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. படிகளை மாற்றுங்கள். முதல் படி, ஒரு பூவின் முன்னால் போய் உட்காருவது. பெயர் தெரியாத களையின் பூவாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டாவது, தாளைப் பார்க்காமல் வரைவது. கண் பூவின் ஓரத்தில் எறும்பு மாதிரி ஊர்ந்து போக வேண்டும், பென்சில் கண்ணோடு கூடவே நகர வேண்டும், தாளைக் குனிந்து பார்க்கவே கூடாது. படம் கோணலாக வரும், குழந்தைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தக் கோணல் கோட்டில் இருக்கும் உயிர் ஐந்து வளைவில் வராது. நான் வேலையில் இருந்தவரை தினமும் காலையில் முதல் வேலையாக இப்படி ஒன்று வரைவேன். மூன்றாவது, பூவை விட்டுவிட்டு, இலைக்கும் இலைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மட்டும் வரைவது. நான்காவது படியைக் குழந்தைகளிடமே விட்டுவிடுங்கள். படத்தின் கீழே பூவின் பெயரை எழுதச் சொல்லலாம். பெயர் தெரியாவிட்டால் வீட்டில் யாரிடமாவது கேட்பார்கள். பெரியவர்களில் பாதிப் பேருக்கும் தெரியாது, தேடட்டும்.

வரும் படங்களில் நல்லவற்றை வெளியிடும்போது தயவுசெய்து திருத்தாதீர்கள். 1699இல், 52 வயதில், மரியா சிபில்லா மெரியன் என்ற ஓவியர் தன் மகளோடு கப்பலேறி தென் அமெரிக்காவின் சுரினாமுக்குப் போனார். அங்கே அவர் வரைந்த செடிகளில் இலையைத் தின்னும் புழுவும் இருக்கும், புழு தின்ற ஓட்டையும் இருக்கும். எந்தப் புழு எந்தச் செடியைத் தின்று என்ன பூச்சியாகிறது என்பது அந்த ஓட்டைகளோடு சேர்த்துத்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. பூவை மட்டும் சுத்தமாக வரைந்திருந்தால் வெறும் அழகுப் படமாகப் போயிருக்கும்.

கோபித்துக்கொண்டு போன பேத்தி மூன்றாம் நாள் தானாகவே ஒரு செம்பருத்தியோடு வந்து உட்கார்ந்தாள். நான் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டேன். வெகு நேரம் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பாட்டி, இதுங்க எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஏமாத்துது” என்றாள். அவள் வரைந்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், இடம் இருந்தால் வெளியிடுங்கள். வலப்பக்கம் இரண்டாவது இதழில் ஒரு ஓட்டை இருக்கும். தாள் கிழிந்தது இல்லை, மை சிந்தியதும் இல்லை. பூவிலேயே இருந்தது. அச்சுக்குப் போகும்போது உங்கள் ஆட்கள் யாராவது அதை மூடிவிடப் போகிறார்கள், கொஞ்சம் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துணி அச்சு வடிவமைப்பாளர் ஒருவர்